பாக்கெட்டின் பின்பக்கம்: பாலூட்டி இறைச்சி ஒவ்வாமையும் லேபிள் சொல்லாமல் விடுவதும்

இரவு எட்டு மணிக்கு மாட்டிறைச்சி சாப்பிட்ட ஒருவருக்கு நள்ளிரவில் உடலெங்கும் தடிப்பு எழும்பினால் சாப்பாட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. வேர்க்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பாலூட்டி இறைச்சி ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு மணி நேரம் பொறுத்துத்தான் வெளிப்படுகிறது. மாடு, பன்றி, ஆடு, மான் என்று பாலூட்டும் விலங்குகளின் இறைச்சி எல்லாமே இதில் ஆகாது. கோழி, வாத்து, மீன், நண்டு ஆகும்.

கறிக்கடையில் விடை இப்படி எளிதாக முடிந்துவிடுகிறது. சிக்கல் பல்பொருள் அங்காடியில்தான் தொடங்குகிறது. மிட்டாயில் ஜெலட்டின், சூப் தூளில் மாட்டுச் சாறு, பிஸ்கட்டில் எங்கிருந்து வந்ததென்று தெரியாத கொழுப்பு. உறையில் அடைத்த உணவில் எந்தெந்தச் சேர்மானங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்களும் நோயாளிகளும் சட்ட வல்லுநர்களும் வெவ்வேறு விடைகளைச் சொல்லி வருகிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

புற்றுநோய் மருந்தில் கிடைத்த துப்பு

இந்த ஒவ்வாமையைக் காட்டிக்கொடுத்தது ஒரு மருந்து. குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் செட்டுக்சிமாப், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பல நோயாளிகளுக்கு முதல் தவணையிலேயே கடும் ஒவ்வாமையை உண்டாக்கியது. வேறு பகுதிகளில் அது அரிதாகவே நடந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைச் சொன்னது. மருந்தில் ‘ஆல்ஃபா-கால்’ என்ற சர்க்கரை அமைப்பு இருந்தது. அந்த நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஐஜிஇ எதிர்ப்பொருள் மருந்து ஏறுவதற்கு முன்பே இருந்தது. ஒப்பீட்டுக்காகச் சோதிக்கப்பட்டவர்களில் டென்னசியில் 20.8 சதவீதத்தினரிடமும் பாஸ்டனில் 0.6 சதவீதத்தினரிடமும் அந்த எதிர்ப்பொருள் காணப்பட்டது.

ஆல்ஃபா-கால் பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் உண்டு. மனிதர்களிடமும் மனிதக் குரங்குகளிடமும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளிடமும் இல்லை. அதை உருவாக்கும் மரபணு நம் மூதாதையரில் செயலிழந்து சில கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே நம் உடலுக்கு அது அந்நியப் பொருள். ஆனால் காலங்காலமாக ஆட்டுக்கறி தின்றவருக்குத் திடீரென்று ஏன் ஒத்துக்கொள்ளாமல் போக வேண்டும்? சிட்னியின் கடற்கரைப் புறநகர்களில் நோயாளிகளைக் கண்ட ஷெரில் வான் நுனென் 2009-இல் ஒரு விடை தந்தார். இறைச்சி ஒவ்வாமையோடு வந்த 25 பேரில் 24 பேருக்கு முன்பு உண்ணி கடித்து அந்த இடம் பெரிதாக வீங்கியிருந்தது. அமெரிக்காவிலும் 2011-க்குள் உண்ணிக்கடியே காரணம் என்று உறுதிப்பட்டது. அங்கே முக்கியக் குற்றவாளி, பெண் உண்ணியின் முதுகில் வெள்ளைப் புள்ளி கொண்ட ‘லோன் ஸ்டார்’ இனம். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் வேறு இன உண்ணிகள் இதே வேலையைச் செய்கின்றன.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் தந்த கணக்கின்படி 2010-க்கும் 2022-க்கும் இடையே 1,10,000-க்கும் மேற்பட்ட சந்தேக நோயாளிகள் ஆய்வகச் சோதனைகளில் அடையாளம் காணப்பட்டனர். உண்மையில் 4,50,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. அதே சமயத்தில் எடுத்த இன்னொரு கணக்கெடுப்பில், பதிலளித்த மருத்துவர், செவிலியரில் 42 சதவீதத்தினர் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். எதைச் சாப்பிடலாம் என்று நோயாளிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள நேர்ந்ததற்கு இது போதுமான விளக்கம்.

இறைச்சியை விட்டால் போதும் என்பவர்கள்

பெரும்பாலான ஒவ்வாமை மருத்துவர்கள் சொல்வது படிப்படியான முறை. முதலில் பாலூட்டி இறைச்சியையும் உறுப்பு இறைச்சியையும் பன்றிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பையும் நிறுத்துங்கள். தொந்தரவு நின்றுவிட்டால் அங்கேயே நில்லுங்கள். நிற்காவிட்டால் பாலையும் ஜெலட்டினையும் விடுங்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கண்ட ஸ்காட் காமின்ஸ் போன்ற மருத்துவர்களின் அனுபவத்தில் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பால் பொருட்கள் ஒத்துக்கொள்கின்றன. அப்படியிருக்க எல்லோரையும் பாலை விடச் சொல்வது வீண் தண்டனை என்பது இவர்கள் வாதம்.

இதற்கு அளவு பற்றிய அடிப்படை ஒன்று உண்டு. ஆல்ஃபா-கால் எல்லா உறுப்பிலும் ஒரே அளவில் இல்லை. பன்றியின் சிறுநீரகத்தில் மிக அதிகம்; அதனால் ஜெர்மனியில் மருத்துவமனைக் கண்காணிப்பில் நோயை உறுதிசெய்யச் சிறுநீரகத்தையே சிறிதளவு கொடுத்துப் பார்க்கிறார்கள், எதிர்வினையும் விரைவாக வருகிறது. கொழுப்பு மிகுந்த இறைச்சி, கொழுப்பில்லாத இறைச்சியைவிட மோசம். ஆல்ஃபா-கால் கொழுப்போடு ஒட்டியே குடலைக் கடந்து, நிணநீர் வழியாக மெதுவாக ரத்தத்தில் சேர்வதுதான் பல மணி நேரத் தாமதத்துக்குக் காரணம் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது அழிவதில்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அதன் முறையிலேயே இருக்கிறது. ‘தொந்தரவு வந்தால் அடுத்த படி’ என்றால் அடுத்த தொந்தரவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிய வேண்டும். ரத்தத்தில் ஐஜிஇ அளவு கூடுதலாக இருப்பவருக்குத்தான் கடுமையாக வரும் என்று கணிக்க முடிவதில்லை. ஒரே நபருக்கு ஒரு வாரம் ஒன்றும் ஆகாத பண்டம், அதனுடன் மது அருந்தினாலோ உடற்பயிற்சி செய்தாலோ மறுவாரம் ஆபத்தாகலாம். நியூஜெர்சியில் 2024-இல் மாட்டிறைச்சி பர்கர் சாப்பிட்ட சில மணி நேரத்தில் இறந்த ஒருவரின் மரணத்துக்கு இந்த ஒவ்வாமையே காரணம் என்று பிளாட்ஸ்-மில்ஸ் குழு 2025-இல் வெளியிட்டது. அதற்கு முன்னதாக ஒரு முறை மாட்டிறைச்சி சாப்பிட்டு அவருக்குக் கடும் வயிற்றுவலி வந்திருந்தது. ஒவ்வாமை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாலூட்டி வாடையே கூடாது என்பவர்கள்

இந்தப் பக்கம் நிற்பவர்களில் பெரும்பாலோர் கடுமையாக அடிபட்ட நோயாளிகள். இவர்களுடைய பட்டியல் நீளமானது. ஜெலட்டின், பால், வே, கேசீன், லாக்டோஸ், கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், மெக்னீசியம் ஸ்டியரேட், மோனோ-டைகிளிசரைடுகள், ஆட்டு ரோம மெழுகிலிருந்து எடுக்கும் வைட்டமின் டி3, எலும்புக்கரியில் வடிகட்டி வெளுத்த சர்க்கரை வரை போகிறது.

இதை வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது. ஜெலட்டின் விஷயத்தில் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2012-இல் வந்த ஆய்வு, இறைச்சி ஒவ்வாமைக்கும் ஜெலட்டினுக்கு எதிரான எதிர்ப்பொருளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. நரம்பில் ஏற்றும் ஜெலட்டின் கரைசல் ஆபத்தானது என்பதும் தெரியவந்தது. ஜெலட்டின் மிட்டாய் தின்று கடும் ஒவ்வாமைக்கு ஆளான ஒரு நோயாளியைப் பற்றி ஜெர்மானிய மருத்துவர்கள் 2013-இல் எழுதினார்கள். பாலில் ஆல்ஃபா-கால் இருப்பதும் உண்மை. பால் ஒத்துக்கொள்ளாத சிறுபான்மையினரில் பலர் வெண்ணெய்க் கொழுப்பு மிகுந்த ஐஸ்கிரீம், பாலாடை போன்றவற்றால்தான் அவதிப்படுகிறார்கள்.

பட்டியலின் கீழே போகப்போகச் சான்று மெலிகிறது. எலும்புக்கரி உயர்ந்த வெப்பத்தில் கருக்கப்பட்டது. அதன் வழியாகக் கடந்துபோகும் சர்க்கரைப்பாகில் விலங்குச் சர்க்கரை அமைப்பு ஏதும் தங்கும் என்று நம்பக் காரணமில்லை. டி3 பல கட்டச் சுத்திகரிப்புக்குப் பிறகு நுண்ணளவில் சேர்க்கப்படுவது. கராஜீனன் இன்னும் விநோதமான வழக்கு. இது கடற்பாசிப் பொருள், பாலூட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதன் சங்கிலியில் ஆல்ஃபா-காலை ஒத்த இணைப்பு உண்டு என்பதால் நோயாளிப் பட்டியல்களில் இடம்பிடித்துவிட்டது. சிலர் எதிர்வினை வந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் பாதாம் பாலில் இருந்த கராஜீனனா, அதற்கு மூன்று மணி நேரம் முன்பு தின்ற வேறொன்றா என்று தாமத ஒவ்வாமையில் பிரித்தறிவது மிகக் கடினம். இந்தப் பட்டியல்கள் ஊதிப்பெருகியதற்கு நோயாளிகளின் பதற்றத்தைவிட நோயின் தாமதமே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

சான்றில்லாத தவிர்ப்புக்கும் விலை உண்டு. உணவு சுருங்கும், வெளியில் சாப்பிடும் துணிவு போகும், பால் விட்டவருக்குக் கால்சியம் குறையும். பாதுகாப்பு என்று கருதி வேண்டிய மாத்திரையையே நிறுத்திவிடுவோரும் உண்டு.

லேபிளை எப்படிப் படிப்பது

எந்தத் தரப்பை ஏற்றாலும் இறுதியில் பாக்கெட்டைத் திருப்பித்தான் ஆக வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி ஒன்பது ஒவ்வாமைப் பொருட்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பால், முட்டை, மீன், இறால், நண்டு போன்ற ஓடுடைய கடலுணவு, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, 2023 ஜனவரி முதல் எள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதினான்கு. இரண்டிலும் இறைச்சி இல்லை. எனவே ‘இதில் உள்ளவை’ என்று தடித்த எழுத்தில் வரும் வரியை மட்டும் படிப்பவர் பாலைக் கண்டுகொள்வார், பன்றிக் கொழுப்பைத் தவறவிடுவார். முழுச் சேர்மானப் பட்டியலையும் படிப்பது தவிர வழியில்லை.

ஜெலட்டினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ‘ஜெலட்டின்’ என்று எழுதினால் போதும். மாடா பன்றியா என்று சொல்லக் கட்டாயமில்லை. ஆனால் மீன் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் மீன் ஜெலட்டினாக இருந்தால் மீன் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஆகவே மீன் என்ற குறிப்பே இல்லாத ஜெலட்டின் அநேகமாகப் பாலூட்டியினுடையது என்று எடுத்துக்கொள்ளலாம். மீன் ஒவ்வாமைக்காரருக்காக எழுதிய சட்டம் இவருக்கும் இப்படிப் பயன்படுகிறது.

‘இயற்கைச் சுவையூட்டி’ இதைவிடக் கடினமானது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வரையறைப்படி பழம், மசாலா, ஈஸ்ட் மட்டுமல்ல, இறைச்சியிலிருந்து எடுத்ததும் இயற்கைச் சுவையூட்டியே. இந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் மாடு ஒளிந்திருக்க முடியும் என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் ஒவ்வாமைக்காரர்கள் அல்லர், சைவ உணவினரும் இந்துக்களும். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்த பிறகும் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சுவை சேர்க்கப்பட்டது வெளியானபோது, 2001-இல் சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு ஒரு கோடி டாலர் தர 2002-இல் ஒப்புக்கொண்டது. வரையறை மட்டும் அப்படியே இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் இறைச்சி போட்ட உறைபனிப் பீட்சாவை வேளாண் துறை கண்காணிக்கிறது. வெறும் சீஸ் பீட்சாவை உணவு, மருந்து நிர்வாகம் கண்காணிக்கிறது. வேளாண் துறை விதியில் விலங்கிலிருந்து எடுத்த சுவைப்பொருளைப் பொதுப்பெயருக்குள் மறைக்க முடியாது. எந்த விலங்கு என்று எழுத வேண்டும். அதாவது இறைச்சி இருக்கும் என்று பார்த்தவுடனே தெரிகிற பொருளின் லேபிள் விவரமாகவும், சந்தேகப்படத் தோன்றாத பொருளின் லேபிள் மூடலாகவும் இருக்கக்கூடும்.

கோழி சாசேஜிலும் இப்படி ஒரு பொறி உண்டு. உள்ளே கோழி, வெளியே பன்றிக்குடல் உறை; அல்லது மாட்டுத்தோல் கொலாஜனில் செய்த உறை. கோழி என்று நம்பி வாங்குபவர் உறையை நினைத்துப் பார்ப்பதில்லை. நல்லவேளையாக, உள்ளே இருக்கும் இறைச்சியும் உறையும் வேறு வேறு விலங்கினுடையவை என்றால் லேபிளில் சொல்ல வேண்டும் என்று வேளாண் துறை விதி செய்திருக்கிறது. எழுத்து சிறியது, ஆனால் இருக்கும்.

குழம்பாக்கிகளான மோனோ-டைகிளிசரைடுகள், ஐரோப்பிய எண்ணில் இ-471, இன்று பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து செய்யப்படுகின்றன. விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். மூலத்தைச் சொல்ல அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டாயமில்லை. ஐரோப்பாவில் கொழுப்பு என்று நேராகச் சேர்த்தால் அது விலங்கினுடையதா என்று எழுத வேண்டும். அதே கொழுப்பைப் பிரித்துக் குழம்பாக்கியாக மாற்றிச் சேர்த்தால் எழுத வேண்டாம். இந்த ஓட்டையை நியாயப்படுத்துவது கடினம்.

பிறருக்காக வந்த முத்திரைகள்

லேபிளோடு மல்லாட முடியாதவர்கள் மத, கொள்கை முத்திரைகளை நாடுகிறார்கள். ‘வீகன்’ என்பது முதல் தேர்வு. விலங்குப் பொருள் எதுவும் கிடையாது என்பதால் சேர்மானம் பற்றிய கவலை தீர்கிறது. ஆனால் அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை. தனியார் சான்று பெற்றதும் நிறுவனம் தானே அச்சிட்டுக்கொண்டதும் ஒன்றல்ல. ஒரே இயந்திரத்தில் இறைச்சிப் பண்டமும் ஓடியிருக்கலாம். கோழி, மீன், முட்டை சாப்பிடக்கூடிய ஒருவரை வீகன் அலமாரியோடு கட்டிப்போடுவதும் தேவையற்றது.

யூதர்களின் கோஷர் மரபில் ‘பார்வே’ என்ற குறி இறைச்சியும் பாலும் இல்லாததைக் குறிக்கும். மீனும் முட்டையும் இருக்கலாம். கேட்பதற்கு இந்நோயாளிகளுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் விலங்குத்தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் உருமாறிவிட்டதால் அது இறைச்சி அல்ல என்று சில கோஷர் அதிகாரங்கள் கொள்கின்றன. சமய நோக்கில் அது செல்லும். ஒவ்வாமைக்குச் செல்லாது. ஹலால் முத்திரை பன்றியை விலக்குகிறது; மாட்டையும் ஆட்டையும் விலக்குவதில்லை என்பதால் இங்கே பயனில்லை.

சைவ உணவைக் காட்டும் இந்தியாவின் பச்சைப் புள்ளி இந்த வரிசையில் கவனிக்கத்தக்கது. வேறு எங்கும் அரிதான விஷயத்தை அது செய்கிறது: விலங்கு மூலத்தைக் காட்டுவதை அரசாங்கக் கட்டாயமாக்குகிறது. ஜெலட்டின் இருந்தால் பச்சைக் குறி போட முடியாது. விலக்கு பாலுக்கும் பால் பொருளுக்கும் தேனுக்கும் இன்னும் சிலவற்றுக்கும்தான். பால் ஒத்துக்கொள்ளும் பெரும்பான்மை நோயாளிகளுக்கு இது ஏறக்குறையப் போதுமான வடிகட்டி. வட கரோலினாவிலோ வர்ஜீனியாவிலோ லோன் ஸ்டார் உண்ணி திரியும் பகுதியில் வாழும் தமிழர், இந்திய மளிகைக் கடையில் வாங்கும் பாக்கெட்டில் இந்தக் குறியைக் காண்கிறார். சைவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. இறைச்சி தொடாதவரையும் உண்ணி கடிக்கும். அவருக்கு நோய் வந்தால் அது நெய்யிலும் பாலாடையிலும்தான் தெரியவரும். பச்சைப் புள்ளி அங்கே உதவாது.

அந்தப் புள்ளியும் ஓட்டையற்றதல்ல. நூடுல்ஸ், சிப்ஸ் மசாலாவில் சேரும் டைசோடியம் இனோசினேட், அதாவது இ-631, மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ வரலாம். இதையெல்லாம் சுட்டிய ஒரு பொதுநல வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில், சேர்மானம் எவ்வளவு நுண்ணளவானாலும் அதன் மூலம் தாவரமா விலங்கா என்று வெளிப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒவ்வாமைக்காரர்கள் கேட்க வேண்டியதை மனசாட்சியின் பெயரால் வேறொருவர் கேட்டு வாங்கியிருக்கிறார்.

பட்டியலில் சேர்த்தால் தீருமா?

அமெரிக்க நோயாளி அமைப்புகளின் கோரிக்கை, ஆல்ஃபா-காலையும் ஒவ்வாமைப் பொருளாகச் சட்டப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது. அதற்கான மசோதா 2025-இல் பிரதிநிதிகள் சபையில் அறிமுகமானது. பட்டியலில் இல்லாத ஒவ்வாமைகளை எப்படி மதிப்பிடுவது என்று உணவு, மருந்து நிர்வாகமும் அதே ஆண்டு ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது; ஐஜிஇ வழிச் சான்று, பரவல், கடுமை, எவ்வளவு சிறிய அளவில் பாதிக்கிறது என்பவை அதன் அளவுகோல்கள். முதல் மூன்றில் ஆல்ஃபா-காலுக்கு வலுவான வாதம் உண்டு. நான்காவதில்தான் தடுமாற்றம்.

தடுமாற்றம் சட்டத்தின் அடித்தளத்தையும் தொடுகிறது. 2004-இன் அமெரிக்க ஒவ்வாமை லேபிள் சட்டம் பட்டியலில் உள்ள உணவுகளையும் அவற்றின் புரதம் கலந்த சேர்மானங்களையும் பற்றிப் பேசுகிறது. சுத்திகரித்த எண்ணெயை அதனாலேயே விலக்குகிறது. ஆல்ஃபா-கால் புரதமல்ல, சர்க்கரை. அது கொழுப்போடு பயணம் செய்கிறது என்ற கருத்து சரியானால், புரதமற்ற கொழுப்பே ஆபத்தின் மையமாகலாம். பழைய பட்டியலில் பத்தாவதாக ஒரு பெயரைச் செருகினால் இந்த முரண் தீராது. நுண்ணளவு எதுவானாலும் ‘பாலூட்டி உண்டு’ என்று எழுதச் சொன்னாலும் நிறுவனங்கள் தற்காப்புக்காக எல்லாவற்றிலும் எழுதிவிடும். ‘இருக்கலாம்’ வகை எச்சரிக்கைகளைப் போல இதையும் பலர் பொருட்படுத்தாமல் விடுவார்கள்.

உற்பத்திப் பக்கத்திலிருந்து வந்த தீர்வு ஒன்றும் இருக்கிறது. ஆல்ஃபா-கால் இல்லாதபடி மரபணு மாற்றிய ‘கால்சேஃப்’ பன்றிக்கு 2020 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. கடை அலமாரியில் இருக்கும் பிஸ்கட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

தீராமல் நிற்பவை

முதல் வெற்றிடம், எவ்வளவு ஆல்ஃபா-கால் எத்தனை பேரைப் பாதிக்கும் என்ற வரம்பு. வேர்க்கடலைக்கு இத்தகைய ஆய்வுகள் நிறைய உண்டு. இங்கே பல மணி நேரத் தாமதமும் ஆளுக்கு ஆள் மாறும் எதிர்வினையும் சோதனையைக் கடினமாக்குகின்றன. இரண்டாவது, பதப்படுத்தலில் என்ன மிஞ்சுகிறது என்பது. குழம்பாக்கிகளிலும் ஸ்டியரேட்டுகளிலும் அளந்து பார்த்த ஆய்வுகள் போதாது. மூன்றாவது, எதிர்ப்பொருள் இருந்தும் நோய் வராதவர்கள். தென்மேற்கு ஜெர்மனியின் வனப் பணியாளர், வேட்டைக்காரரில் மூன்றில் ஒருவருக்கு மேல் எதிர்ப்பொருள் இருந்தது, அறிகுறி இருந்தவர் அவர்களில் சிறு பகுதியினரே. உண்ணிக்கடி மீண்டும் நேராவிட்டால் சிலருக்கு எதிர்ப்பொருள் குறைந்து, இறைச்சியே மறுபடி ஒத்துக்கொள்வதும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே பட்டியலைத் தருவது மருத்துவமாகாது.

ஆகவே எதைத் தவிர்க்க வேண்டும் என்பதில் படிப்படி முறையே சான்றுக்கு நெருக்கமானது. ஜெலட்டினை மட்டும் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது எச்சரிக்கையானது, அதை விடுவதால் இழப்பதும் அதிகமில்லை. வெளிப்படுத்தல் தனிக் கேள்வி, அதற்கு வரம்பு ஆய்வுகள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜெலட்டின், இயற்கைச் சுவையூட்டி, குழம்பாக்கி ஆகிய மூன்றின் பக்கத்தில் மூல விலங்கின் பெயரையோ ‘தாவரம்’ என்ற சொல்லையோ அச்சிடச் சொன்னால் நோயாளிகளின் சந்தேகங்களில் பெரும்பகுதி கடையிலேயே தீர்ந்துவிடும். சாசேஜின் மேலுறைக்கு விலங்கின் பெயரை எழுத முடிகிறபோது உள்ளே கலக்கும் சுவையூட்டிக்கு எழுத முடியாது என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை.